பெற்ற அப்பனிடம்தானே என்று சொல்லாதீர்கள்

1

சில மாதங்களுக்கு முன் என் மனைவி சரஸ்வதிக்கு இரண்டாம் ஆண்டுத் திதி. மலேசியாவில், சிரம்பானை அடுத்த பாரோயில் உள்ள எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழுந்த உறவினர் ஒருவர், கை கழுவிவிட்டு வந்து என் தோளைத் தொட்டார்.

“மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க மாமா. புள்ள யார்கிட்ட இருக்கு? பெத்த அப்பன்கிட்டதானே இருக்கு? நல்லாத்தான் இருக்கும் லா.”

அவர் நல்லவர். துக்க வீட்டில் எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில் சொன்னார். நான் அவருக்கு மறுமொழி சொல்லவில்லை; பாயசத்தை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் பேத்தி தாரிணி இப்போது உங்களோடுதான் இருக்கிறாள். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு பள்ளிச் சீருடையில். உங்களில் யாரேனும் அவளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கலாம். அம்மா இல்லாத பிள்ளை என்று யாரோ சொல்ல, நீங்கள் உச்சுக் கொட்டியிருக்கலாம். அவளுக்கு அம்மா இருக்கிறாள். சிரம்பானில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். என் மகள் கவிதா.

2

நான் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தது ரப்பர் மரத்தின் இலை நோய்களை ஆராய. தாவர நோயியலில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவன், கோலா சாவாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து அந்தத் தோட்டத் தமிழ்ப் பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்த சரஸ்வதியை மணந்துகொண்டு தங்கிவிட்டேன். நான் ஆராய்ந்த ரப்பர் மரங்கள் இப்போது இல்லை. எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் ராசா, பாரோய் என்று நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தோட்டத்து முனியாண்டி மட்டும் பெயரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காக எல்லோரும் காரெடுத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் போகிறேன். கடவுளிடம் எனக்குப் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. சரஸ்வதியின் மாணவர்கள் அங்கே வருவார்கள், அவளைப் பற்றிப் பேசுவார்கள், கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நான் அங்கே ‘டீச்சர் வீட்டு ஐயா’தான். முனைவர் பட்டத்தைவிட அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது.

3

தாரிணியின் தகப்பன் உங்கள் ஊர்க்காரன். கணினிப் பொறியாளனாகக் கோலாலம்பூருக்கு வந்தவன். அவன் பெயரை எழுதப் போவதில்லை. வசைச் சொல்லும் எழுதப் போவதில்லை. தாரிணி என்றாவது இதைப் படிக்கக்கூடும். அவளுடைய அப்பாவை நான் திட்டினேன் என்பது அவளுக்கு என்னைப் பற்றிய முதல் செய்தியாக இருக்க வேண்டாம்.

கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை. பிரிந்துவிடலாம் என்ற பேச்சு மெல்ல எழுந்து அடங்கியிருந்த காலம் அது. அப்போதுதான் குலதெய்வம் வந்தது. குழந்தைக்கு இன்னும் முதல் முடி இறக்கவில்லை, காது குத்தவில்லை, அதனால்தான் வீட்டில் இத்தனை சண்டை என்று சம்பந்தி வீட்டார் தொலைபேசியில் சொன்னார்கள். மாப்பிள்ளை குழந்தையை முன்னதாகக் கூட்டிப் போவான். தாத்தா பாட்டியிடம் பழகட்டும். காதுகுத்து நாளுக்குக் கவிதாவும் அவள் தம்பி குமரனும் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் எதற்கு வேண்டுமானாலும் முடியாது என்று சொல்லிவிடலாம். குலதெய்வத்துக்குச் சொல்ல மாட்டோம். கவிதா பயண ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டாள். பின்னாளில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் அந்தக் கையெழுத்தைத்தான் திரும்பத் திரும்ப அவளிடம் காட்டினார்கள்.

சரஸ்வதி சிரம்பானில் கடை கடையாக ஏறி ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கினாள். தாய்மாமன் சீர். குமரன் மடியில் உட்கார வைத்துத்தான் தாரிணிக்குக் காது குத்த வேண்டும். அவன் அதற்கென்று புது வேட்டிகூட வாங்கிவிட்டான்.

அவர்கள் புறப்பட வேண்டிய நாளுக்கு முன்பே கைப்பேசியில் ஒரு படம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம், காதில் வேறு ஏதோ ஒரு தோடு, அழுது சிவந்த முகம். தாரிணி யாரோ ஒருவருடைய மடியில் உட்கார்ந்திருந்தாள்.

நல்ல நாள் மாறியிருக்கும், ஐயர் கிடைத்திருக்க மாட்டார் என்று எங்களுக்கு நாங்களே காரணம் தேடிக்கொண்டிருந்தோம். குமரன்தான் படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

“என் இடத்துல வேற ஆள ஒக்கார வச்சிட்டாங்கப்பா. அப்ப நான் வர வேணாம்னு அர்த்தம். நம்ம யாருமே வர வேணாம்னு அர்த்தம். புள்ள இனிமே திரும்பாது.”

கவிதா அடுத்த விமானத்தில் போனாள். வீடு பூட்டியிருந்தது.

4

அதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். “பாபா டியா ஜுகா, என்சிக்” என்றார். அவளுடைய அப்பாதானே, ஐயா. அங்கே நான் போய் நின்ற காவல் நிலையத்தில் நாற்காலி இல்லை. வாக்கியம் மட்டும் அதேதான். “அப்பாதானே சார் கூட்டிட்டு வந்திருக்காரு? குடும்ப விஷயம். பேசித் தீத்துக்குங்க.” இரு மொழிகளிலும் ஒன்றுபோல் ஒலிக்கும் வாக்கியங்களை நான் அதன் பின் வெறுக்கத் தொடங்கினேன்.

பெற்றோரில் ஒருவர் இப்படி நாடு கடந்து எடுத்துப்போகும் குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே பல நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. அதில் மலேசியாவும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. ஆகவே, வழக்கு அங்கேதான் நடக்க வேண்டும். ஆட்கொணர்வு மனு, வாய்தா, மறுபடியும் வாய்தா. இடையில் குழந்தை பள்ளிக்குப் போகிறாள், நண்பர்களைச் சேர்த்துக்கொள்கிறாள். பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, குழந்தை இங்கே நன்றாகப் பழகிவிட்டாள், அவளை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்கிறார். எடுத்துப்போனவனே கழித்த காலத்தை அவனுக்கே ஆதரவான சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

காணொளியில் பேச எப்போதாவது அனுமதி கிடைக்கும். முதலில் தாரிணி எங்கள் பேச்சையே பேசினாள்; சாப்பிட்டதைக்கூட மலாய் கலந்து சொன்னாள்: “தாத்தா, நான் மாக்கான் பண்ணிட்டேன் லா.” அந்த ‘லா’ முதலில் உதிர்ந்தது. பிறகு மலாய்ச் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் ஒரு பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன்தான். கடைசியாக அவள் என்னைப் பார்த்தபோது, பக்கத்தில் யாரையோ ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“நீங்க எந்தத் தாத்தா?”

நல்ல தமிழ். பிழையே இல்லை.

சரஸ்வதி அதன் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. மருத்துவர் வேறு காரணம் எழுதினார். நான் அவரோடு வாதிடவில்லை.

இந்த மாப்பிள்ளையை நீங்கள்தானே பார்த்தீர்கள் என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். நான்தான் பார்த்தேன். அதற்காகத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். குனிய மாட்டேன். பெண் கொடுத்தது குற்றமன்று. நம்பிக் கையெழுத்திட்டதும் குற்றமன்று. அந்த நம்பிக்கையைப் பயணச்சீட்டாக்கிக்கொண்டதுதான் குற்றம்.

5

திதி முடிந்த வாரம், முனியாண்டி கோயில் வளாகத்தில் பிரேமா என்னைத் தேடி வந்தாள். சரஸ்வதியிடம் படித்தவள்; செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இடுப்பில் மகன் ருத்ரன், மூன்று வயது, பின்கழுத்தில் சுருள் சுருளாக முடி. அவள் கணவன் செந்தில் தமிழ்நாட்டிலிருந்து சமையல் வேலைக்கு வந்தவன். சண்டை முற்றி, அவள் ராசாவில் அம்மா வீட்டில் இருந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். அவரு புள்ளய ஊருக்குக் கூட்டிட்டுப் போறேங்குறாரு. கொலதெய்வத்துக்கு முடி எறக்கணுமாம். என் வேலையில இப்ப லீவு இல்ல. அவரு மட்டும் போறாராம். அடுத்த ஞாயித்துக்கெழம இங்கதான் வந்து பாஸ்போட்ட வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

நிதானமாகவே கேட்டேன். “பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?”

“அம்மா அரிசி டின்னுல ஒளிச்சி வச்சிருக்கு. சோறாக்குறப்பல்லாம் இருக்குதான்னு தொட்டுப் பாக்குது.”

“அவர் வேலை அனுமதி?”

“முடியப்போவுது. பெர்மிட்டு நீட்டல. மோட்டோ பைக்க வித்துட்டாரு. புள்ளயோட பொறப்புப் பத்திரத்த வேற கேட்டாரு. மொட்ட போட அது எதுக்கு ஐயா?”

அவளுக்கு விடை தெரிந்திருந்தது. சொல்லத்தான் பயந்தாள். “சாமி விஷயத்துல வேணாம்னு சொல்லலாமா? நாளைக்கி புள்ளைக்கி ஒண்ணுன்னா, நான்தான் தடுத்தேன்னு ஆயிராதா?”

நான் வழக்கறிஞன் அல்லன் என்று சொல்லித் தொடங்கினேன். இலையைப் பார்த்து மரத்தின் நோயைச் சொல்லிப் பழகியவன். அடையாளங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்ந்து வந்தால்தான் நோய். வேலை முடிகிறது, பொருள்கள் விற்கப்படுகின்றன, ஆவணங்கள் சேர்க்கப்படுகின்றன, குழந்தை மட்டும் தனியாகக் கேட்கப்படுகிறது. இத்தனைக்கும் பிறகு அவன் நேர்மையானவனாகவே இருக்கலாம். அப்படியானால், நாம் காவல் வைப்பதால் அவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. மூன்று பேரும் சேர்ந்து போகலாம், திரும்பும் சீட்டை முதலில் காட்டு என்று கேட்டுப் பார். நேர்மையானவன் கோபப்படுவான், பிறகு காட்டுவான்.

கடப்பிதழை டின்னில் வைப்பது மட்டும் போதாது என்றேன். தொலைந்துவிட்டதென்று இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க முடியும். வழக்கறிஞர் வழியாக, குழந்தையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாதென்று நீதிமன்றத் தடையாணை கேட்க வேண்டும்; கிடைத்ததும் அதைக் குடிநுழைவுத் துறைக்குச் சேர்ப்பிக்க வேண்டும். பாலர் பள்ளியில் யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்புவரை இது ஒரு குடும்பத் தகராறு. ஏறிய பின் இரண்டு அரசாங்கங்களின் தகராறு.

“இன்னொன்றும் செய்ய வேண்டும்” என்றேன். “அவர் தினமும் பிள்ளையோடு பேசட்டும். அதை மட்டும் தடுக்காதே.”

“அவர் மேல உங்களுக்கு இரக்கமா ஐயா?”

“பிள்ளை மேல்” என்றேன்.

தகப்பன்மார் மட்டுந்தான் இதைச் செய்கிறார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தாய்மாரும் செய்திருக்கிறார்கள். வழக்குக்காக அலைந்தபோது நான் பேசிப் பார்த்த அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோரை ஆட்டியது பிள்ளையை இழந்துவிடுவோம் என்ற பயம். சிலரிடம் பழிவாங்கும் எண்ணம். ஏறத்தாழ எல்லோருக்கும் பின்னால், கூட்டிக்கொண்டு வந்துவிடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் ஒரு குடும்பம். உயிருக்குப் பயந்து பிள்ளையோடு தப்பி ஓடுகிறவர்கள் வேறு வகை. அவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை செந்தில் வந்தான். மெலிந்த பையன். கையில் ருத்ரனுக்கு ஒரு பொம்மை லாரி. பிள்ளை ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது. அந்தக் காட்சி எனக்கு உதவியாக இல்லை.

பிரேமா, அவள் அம்மா, கோயில் தலைவர், நான். முனியாண்டி முன்னால் உட்கார்ந்தோம்.

“பாஸ்போர்ட்ட குடு பிரேமா. இத்தன பேரு எதுக்கு? பஞ்சாயத்தா?”

“தீபாவளிக்கி எனக்கு லீவு கெடைக்கும். மூணு பேரும் போவோம். ரிட்டர்ன் டிக்கெட்டு போட்டு.”

“சாமி காத்துட்டு இருக்குமா உன் லீவுக்கு?”

அதற்குக் கோயில் தலைவர் வழி சொன்னார். ஆள் பருத்தவர், குரல் மெல்லியது. “காத்துருக்கும் தம்பி. ஒரு காச மஞ்சத் துணியில முடிஞ்சி வச்சிரு. சாமி, இப்ப முடியல, பொறவு வந்து செய்றேன்னு. எங்க தோட்டத்து ஆளுங்க அப்புடித்தான் வச்சாங்க. சில பேரு அவங்க ஊரயே பாக்காம செத்தாங்க. எந்தச் சாமியும் கோவிச்சிக்கல.”

செந்திலுக்கு அதை மறுக்கத் தெரியவில்லை. அவன் ஊரிலும் அதே வழக்கந்தான். கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினான். “அம்மா, இவங்க காசு முடிஞ்சி வெக்கலாங்கறாங்க. நீயே சொல்லு.”

அந்த அம்மாளுக்கு வளமான குரல். “அதெல்லாம் வெச்சுக்கிட்டே போவ முடியாது! சாமி குத்தம் ஆயிரும். அங்கனயே மொட்ட போட்டாலும் அது எங்க சாமிக்குச் சேராது, சொல்லிப்புட்டேன்.”

“சேரலன்னா சாமி ப்ளைட்டு ஏறி இங்க வரட்டும் அத்தை” என்றாள் பிரேமா. “எங்க தாத்தாவோட முனியாண்டி கப்பல்லயே வந்தாரு.”

பிரேமாவின் அம்மா சிரித்துவிட்டார். செந்திலுக்கும் உதடு துடித்தது. அந்த இளக்கத்தில், நான் இயல்பாகக் கேட்பதுபோல் கேட்டேன்: “போகட்டும் தம்பி. நீங்கள் போட்ட சீட்டில் திரும்பும் நாள் எது?”

அவன் மறுமொழி சொல்வதற்குள் கைப்பேசி பேசியது.

“டேய், திரும்புறத எதுக்குடா கேக்குறாங்க? எல்.கே.ஜி. சீட்டு வாங்கியாச்சுன்னு நீ இன்னும் சொல்லலியா?”

ருத்ரன் லாரியைச் சிமெண்டுத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் “ஹலோ, ஹலோ” என்றார். செந்தில் அழைப்பைத் துண்டித்தான்.

பிரேமா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து பிள்ளையைத் தூக்கித் தன் அம்மாவிடம் கொடுத்தாள். “அம்மா, நீ போயி காடியில உக்காரு. கதவப் பூட்டிக்க.” பிறகு கணவனைப் பார்த்தாள். “என் புள்ளைக்கி ஸ்கூலு பாத்தியே, அம்மான்னு ஒருத்தி இருக்கான்னு அந்த ஸ்கூல்ல சொன்னியா?”

அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். “பெர்மிட் முடிஞ்சா என்னய அனுப்பிருவாங்க. அப்பறம் எம்புள்ளய நான் எங்க பாக்குறது? நீ காட்டுவியா?”

எனக்கும் அவனுக்கும் இடையே ஒரு மணி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “காட்டுவாள். நீங்கள் வரவும் பேசவும் நீதிமன்றத்தில் கேளுங்கள். அதற்கு நான் உங்கள் பக்கம் வந்து சாட்சி சொல்கிறேன். ஆனால், இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், உங்களுக்கு எதிரே நிற்கும் முதல் ஆள் நான்.”

“நீங்க யாரு சார் எங்க குடும்பத்துல பேச?”

நியாயமான கேள்வி. “பேத்தியைப் பறிகொடுத்தவன்” என்றேன். வேறு தகுதி எனக்கு இல்லை.

தடையாணை கிடைத்துவிட்டது. செந்தில் தனியாகத்தான் புறப்பட்டான். நீதிமன்றம் குறித்துக் கொடுத்த நேரத்தில் அவன் ஒவ்வொரு மாலையும் அழைக்கிறான், பிரேமா எடுக்கிறாள். ஒரு நாள் அவள் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டு, நான் ராசாவுக்கே காரை ஓட்டிப் போனேன். கைப்பேசியில் மின்னூட்டம் இல்லாமல் போயிருந்தது. “ஐயா, நீங்க போலீஸ விட மோசம்” என்றாள். மஞ்சள் துணியில் முடிந்த காசு அவள் வீட்டுச் சாமி மாடத்தில் தொங்குகிறது. ருத்ரனின் சுருள்முடி வளர்ந்து காதை மூடிவிட்டது. கேட்பவர்களிடமெல்லாம், அப்பா வந்தபிறகுதான் வெட்டுவேன் என்கிறான்.

7

உங்களிடம் நான் கேட்பது சிறியது. உங்கள் தெருவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தை வந்தால், அம்மா எங்கே, அப்பா எங்கே என்று கேளுங்கள். செத்துப் போய்விட்டாள், ஓடிப் போய்விட்டாள் என்று விடை வந்தால், அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். பள்ளியில் சேர்க்க வந்தால், மற்றவரின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். காதுகுத்தில் தாய்மாமன் இடத்தில் வேறொருவர் உட்காரப் போனால், உரிய ஆள் எங்கே என்று பந்தியில் உட்காரும் முன் கேளுங்கள். அன்று அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்களில் ஒருவர் கேட்டிருந்தால், எனக்கு இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

பெற்ற அப்பனிடம்தானே என்று மட்டும் சொல்லாதீர்கள். பெற்றவளிடமிருந்து பிடுங்கியதும் அவன்தான்.

சரஸ்வதி வாங்கிய தோடு என்னிடம் இருக்கிறது. காலம் கடந்துவிட்டது, வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். தாரிணியின் காதில் அவர்கள் போட்ட துளை இருக்கட்டும். அது அவள் உடம்பு, அதோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் வருவாள். அப்போது அந்தத் தோட்டை, இங்கே, முனியாண்டி முன்னால், குமரன் மடியில் உட்கார வைத்துப் போடுவோம். அவள் கல்லூரிக்குப் போகும் வயதில் வந்தாலும் சரி. குமரனுக்கு அதற்குள் மூட்டுவலி வந்திருக்கும். அவனிடம் கேட்டுவிட்டேன். உட்கார்ந்துகொள்கிறேன் என்றான்.